சின்ன கேட்டும் ரெஜினா கோமஸ் மேடமும்

கறுப்பு கிரானைட் என்று முடிவாகிவிட்டது.

எங்கள் கல்லூரி நிர்வாகக் குழு இன்று காலை அவசரமாகக் கூடியது. பழுப்பு கிரானைட்டுக்கு ஆதரவாக இரண்டு பேர் பேசினார்கள். உப்புக்காற்றுக்குக் கறுப்புதான் தாங்கும் என்று எடுத்துச் சொன்னதும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கல்லில் வரப்போகும் பெயர் டாக்டர் ரெஜினா கோமஸ். கல்லைப் பதிக்கப்போகும் இடம் கல்லூரியின் சின்ன கேட். போன வியாழக்கிழமை காலை அந்த கேட்டில்தான் மேடம் சரிந்தார், பிழைக்கவில்லை.

ஹார்ட் அட்டாக். ரிட்டயர் ஆகும் வயதுகூட இல்லை...

ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து மேஜை. நான் பொருளாதாரம், அவர் வணிகவியல்.

பலருக்கு அவரைத் தெரியாது என்பதால் சொல்கிறேன். சம்பளமில்லாத விடுப்பில் டெக்சாஸ் போய், உயர்கல்வித் தலைமை என்ற பாடத்தில் பிஎச்.டி. வாங்கி வந்தவர். அவர் படித்த பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஹிஸ்பானிக் மாணவர்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு கல்லூரியை எப்படி நடத்துவது என்பதுதான் படிப்பு.

"காலேஜ் எப்பிடி நடத்தணும்னு படிக்கதுக்கு அமெரிக்காவா? இங்கன நடக்கத்தான செய்யுது" என்று எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

டெக்சாஸ் போன முதல் வாரமே அங்கே ஒரு குழப்பம். கோமஸ் என்ற பெயரைப் பார்த்த ஹிஸ்பானிக் மாணவர் சங்கம், நம்ம ஆள் என்று மேடத்தை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டது. நம் கடற்கரையில் தெருவுக்கு நாலு கோமஸ் இருப்பது டெக்சாஸுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் ஸ்பானிஷில் பேச, மேடம் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் தூத்துக்குடி என்று சொல்லவேண்டி வந்தது. பிறகு எப்படி கோமஸ் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

"முத்துக்காக போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல வந்தான், ஞானஸ்நானம் குடுத்தான், கூடவே பேரையும் குடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னேன் சார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, எங்களுக்கும் அப்பிடித்தான்னு சொல்லுதா. சொல்லிட்டு சேரைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டா."

அந்தப் பெண்தான் மேடத்தின் ஆய்வில் முதல் பேட்டி. விடியுமுன் ஒரு பேக்கரியில் வேலை, பிறகு தம்பியைப் பள்ளியில் விட வேண்டும், தினமும் வகுப்புக்கு லேட். பல்கலைக்கழகம் அவளைத் திருத்தவில்லை. வகுப்பு நேரத்தை மாற்றியது.

மேடம் இதை நம்பி ஊருக்குத் திரும்பினார்.

எங்கள் கல்லூரியில் ஒன்பது மணிக்கு கேட் பூட்டப்படும். முதல் பீரியட் போனால் அரைநாள் ஆப்சென்ட். ஆப்சென்ட் கூடினால் ஹால் டிக்கெட் கிடையாது. காலையில் மீன் ஏலத்துக்குப் போய், அம்மாவின் கூடையைச் சந்தையில் இறக்கிவிட்டு, பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளுக்கு ஒன்பது மணி எட்டாது.

மேடம் பவர்பாயின்ட் போட்டுக் காட்டினார். முடிந்ததும் விரிவான விவாதம் நடந்தது, டீச் செலவு யார் கணக்கில் என்பது பற்றி. நம் கல்லூரியில் ஹிஸ்பானிக் மாணவர்கள் யாருமில்லையே என்று முதல்வர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இருக்காவ சார். கேட்டுக்கு வெளிய நிக்காவ" என்றார் மேடம்.

கடைசியில் சின்ன கேட்டை மட்டும் அரைமணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு நிபந்தனை. டாக்டர் ரெஜினா கோமஸ் நேரில் நின்று ஒவ்வொருவரின் தாமதச் சீட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் ஆப்சென்ட் விழாது. ஒரு வாரம் தாங்கமாட்டார் என்பது பொதுக் கணிப்பு.

மூன்று வருடம் நின்றார். ஒரு குடை, ஒரு பேனா, வாட்ச்மேன் சுடலை அண்ணாச்சியின் பிளாஸ்டிக் சேர்.

மூன்றாம் ஆண்டு பி.காம். ஜெனோவா தினமும் அந்த வழியாக வருகிறவள். இந்த செமஸ்டரில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நிறைய நாள் போய்விட்டது. புதன்கிழமை மேடம் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏளா, இனி ஒரு அரைநாள் போனாலும் ஹால் டிக்கெட் வராது. எத்தனை மணின்னாலும் வந்து சேரு. நான் இங்கனதான் இருப்பேன்."

மறுநாள் காலை நடந்ததைச் சுடலை அண்ணாச்சி சொன்னார்.

"அந்தப் பிள்ளை பஸ்ஸ விட்டு இறங்கி ஓடி வருது. மேடம் தண்ணி கேட்டாவ. நான் எடுத்துட்டு வாரதுக்குள்ள சேர்லயே சாஞ்சிட்டாவ. பேனாவத் தொறந்து கையில வச்சிருந்தாவ சார்."

ஜெனோவாதான் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாள். மேடத்தின் தலை அவள் மடியில்... ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. உறவுக்காரர்கள் வரும்வரை அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை அடக்கம். மாதா கோயிலுக்குள் முன்வரிசை முழுக்க நிர்வாகக் குழு. பிள்ளைகள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். பழக்கம்தான்.

நேற்று முதல்வரைப் பார்த்தேன். ஜெனோவாவின் வியாழக்கிழமைச் சீட்டில் நான் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். தீர்மானத்தில் மேடத்தின் பெயரே இருக்கிறது, அதை மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும் என்றார்.

குழு இன்று கூடியது. கிரானைட்.

மேடம், உங்கள் டம்ளரைக் கழுவி உங்கள் மேஜையிலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன். போய் வாருங்கள்.

தேர்வு எழுதத் தகுதி இல்லாதவர்களின் பட்டியலை மாலையில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மூன்றாம் ஆண்டு பி.காம்.மில் ஒரே பெயர். ஜெனோவா.