நாற்பது லிட்டர் பை

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இண்டு இடுக்கு'. லாரியில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் மனுஷருக்குக் கை அரிக்கும். பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே தலையணை, தலையணைக்கு மேலே துடைப்பம் என்று திணித்துக்கொண்டே போவார். அவர் கட்டிய லாரிக்குள் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் மண்ணைக் கவ்வ வைத்தது.

வெளிநாட்டுக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருவர் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போன வண்டி. நாற்பத்தெட்டு வயதில் அதன் மேல் குப்புறக் கவிழ்ந்தபடி அவர் வேலைக்கு வருவதைப் பார்த்து, "அண்ணே, கீழ என்ன தேடுறீங்க?" என்று கேட்காத ஆள் கம்பெனியில் கிடையாது. அவர் அசரவில்லை. நான்கு நாள், கடல் வரைக்கும் போய்வருவது என்று முடிவாகிவிட்டது. மனைவியும் வருகிறாள். பேக்கரி கவுண்டரில் நாளெல்லாம் நிற்கிற அவள், பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு வாங்கியிருந்தாள். ஹெல்மெட்டைத் தானே போய் வாங்கி வந்து, பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

பை வாங்குவது அவர் பொறுப்பு. அங்கேதான் வந்தது வினை.

முதலில் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டுகிற காந்தப் பை வாங்கினார். டேங்கின் மேலே இருந்தது பிளாஸ்டிக் உறை. காந்தம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. அடுத்து, இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள். புகைக்குழாயைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற வண்டி அது. தெருக்கோடி போய்த் திரும்புவதற்குள் வலதுபக்கப் பையில் கருகல் வாடை. பைக்கடைக்காரர் இவர் தலை தெரிந்தாலே இரண்டு டீ சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு வீட்டையே லாரில ஏத்துற ஆளு நீங்க. ரெண்டு பேர் துணிக்கா இந்தப் பாடு?"

"லாரி சொன்ன பேச்சு கேக்கும்பா. இது எங்க தொட்டாலும் வழுக்குது."

கடைசியில் நாற்பது லிட்டர் பை ஒன்று அகப்பட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பூராவும் உட்கார்ந்து அடுக்கினார். அவளுடைய துணி, மழைக்கோட்டு, கழுத்துத் தலையணை, முட்டிவலித் தைலம் என்று ஒன்றையும் மறக்கவில்லை. நான்கு வார் போட்டு இழுத்துக் கட்டி, வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். பை அசையவில்லை. பூரிப்பு தாங்காமல் அவளைக் கூப்பிட்டார்.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"என் சாமான் எல்லாம் இதுலயா இருக்கு?"

"எல்லாமே. முட்டிவலித் தைலம்கூட."

"தைலம் வருது, சரி. முட்டி எதுல வருது?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். பின்சீட்டின் மேல்தான் பை உட்கார்ந்திருந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை வருடத்தில் அவர் லாரியில் சாமான் மட்டும்தான் போயிருக்கிறது, வீட்டுக்காரர்கள் தனியாக வந்து சேர்வார்கள். காலி இடத்தைக் கண்டார், நிரப்பிவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. கடலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். உள்ளேயிருந்து, "நாளைக்கு நான் வேலைக்கு வந்துடறேன்" என்று பேக்கரி முதலாளியிடம் அவள் போனில் சொல்வது கேட்டது. ஊரார் வீட்டு ஊறுகாய் ஜாடியைக்கூடப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், கட்டினவளை இந்தத் தெருவைத் தாண்டி எங்கே கூட்டிப்போயிருக்கிறார்? வெட்கமாக இருந்தது.

ஓடிப்போய் போனை வாங்கினார். "ஐயா, அவ வரமாட்டா. லீவு லீவுதான்" என்று வைத்துவிட்டார். பெரிய பையை அவிழ்த்துக் கூடத்தில் கவிழ்த்தார். ஒதுக்கிப்போட்ட காந்தப் பையைத் தேடி எடுத்தார். வார் போட்டு டேங்கோடு கட்டினால் அது நிற்கும். கட்டுவதே பிழைப்பான மனுஷருக்கு இது இப்போதுதான் தோன்றியது.

"இதுல எவ்வளவு கொள்ளுதோ அவ்வளவும் உன் சாமான்தான். நீயே எடுத்து வை."

"உங்களுக்கு?"

"நான் போட்டுருக்கறது போதும்."

"நாலு நாளும் இதே சட்டையா?"

"ஆமா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கீழே கிடந்த துணியிலிருந்து தனக்கு இரண்டு உடுப்பை எடுத்து மடித்தாள்.

"அப்ப கடற்கரைல நான் உங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நடக்கறேன்."

தள்ளி நடந்தால் என்ன, வருகிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.