துரைசாணியின் மடி

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, தக்காளித் தோட்டங்கள் முடிந்து கரடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது சுகுணாவின் மாட்டுக் கொட்டாய். கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு வந்தது ஒரே ஓர் ஆலம்பாடி நாட்டுக் கிடாரி. சாம்பல் நிறம், மூக்குக்கு மேல் கோபம், ஈன்ற பிறகும் வேளைக்கு ஒன்றரை லிட்டர் பால்தான். அந்தக் கிடாரியில் தொடங்கி, சினை ஊசி மேல் சினை ஊசியாக, கன்றின் கன்றாக, இருபத்திரண்டு வருஷம் பொறுத்து அவள் உண்டாக்கிய ஐந்தாம் தலைமுறைதான் துரைசாணி.

துரைசாணி கறுப்பும் வெள்ளையுமாகக் கரட்டோரம் நின்றால், மழை வருகிறதென்று நினைத்துக் களத்தில் காயும் ராகியை அள்ளிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அது ஒருதரம் தும்மியதில் பக்கத்துப் பந்தலில் இருந்த பீர்க்கங்காய் அத்தனையும் உதிர்ந்துவிட்டதாகச் சுகுணாவின் புருஷன் மாதையன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உதிர்ந்தது பாதிதான். ஒரு நாளைக்கு இருபத்து நாலு லிட்டர் கறந்தது மட்டும் கலப்பில்லாத நிஜம்.

சுகுணாவும் லேசுப்பட்டவள் இல்லை. மாடு கத்துகிற கத்தில் பசி எது, பருவம் எது என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவாள். தங்கச்சி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரமும் கிடாரிக்கு ஊசி போடுகிற நேரமும் ஒன்றாக வந்தபோது, "தாலிய யார் வேணா பாத்துக்கலாம், ஊசிக்கு நான் நிக்கணும்" என்று பந்தலைவிட்டுப் போனவள். காலை ஐந்து, மாலை நாலு. இந்த இரண்டு வேளையும் பால் கறக்க அவள் கால் மணி பிந்தியதில்லை. மாமனார் செத்த அன்றுகூட, கறந்து முடித்துக் கை கழுவிய பிறகுதான் அழ உட்கார்ந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் சனிக்கிழமை விடியலில் துரைசாணியைக் கறக்காமல் விட்டாள்.

அன்று பாலக்கோட்டுப் பக்கத்தில் கறவை மாட்டுக் கண்காட்சி. இரண்டு வருஷமாக முதல் பரிசு வாங்கியது தங்கம்மாளின் மாடு. போன வருஷம் அந்தத் தங்கம்மாள் மைதானத்தில் நாலு பேர் கேட்கவே சொல்லியிருந்தாள்: "என்னா சுகுணா, உன் மாட்டு மடி காத்துப்போன டியூபாட்டம் தொங்குது? பாலு கறக்கிறயா, இல்ல பம்பு அடிக்கிறயா?" சிரித்தவர்களில் மாதையனும் ஒருவன். அந்தச் சிரிப்பைச் சுகுணா ஒரு வருஷம் சோற்றோடு சேர்த்து மென்றாள்.

பரிசுக்காரர்கள் ரகசியம் ஊருக்கே தெரியும். நடுவர் பின்னால் நின்று மடியைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு வேளைப் பாலைக் கறக்காமல் கூட்டிப்போனால் மடி விண்ணென்று நிற்கும். ஒன்பது மணிக்குப் பார்த்துவிடுவார்கள். பத்து மணிக்கு அங்கேயே கறந்துவிடலாம். இதுதான் அவள் கணக்கு.

வண்டியில் ஏற்றும்போதே துரைசாணி ஏற மறுத்தது. பலகையில் முன்காலை வைத்தது, எடுத்தது, திரும்பிக் கொட்டாயைப் பார்த்தது.

"கறந்துட்டே போலாம் சுகுணா. அது கேக்குது பாரு" என்றான் மாதையன்.

"போன வருசம் பல்லைக் காட்டினவங்க இந்த வருசம் வாயைத் தொறக்கக் கூடாது. தூக்குங்க."

மைதானத்தில் ஒன்பது அடித்தது. பத்தும் அடித்தது. சிறப்பு விருந்தினர் வரவில்லை; அவர் வராமல் நடுவர் மாடு பார்க்கத் தொடங்க மாட்டார். "இன்னும் சற்று நேரத்தில்" என்று ஒலிபெருக்கி சொன்னது. அரை மணிக்கொருதரம் அதையே சொன்னது. காற்று நின்றுபோய், கட்டியிருந்த காகிதத் தோரணம் செத்த பாம்புபோலத் தொங்கியது. முந்தின நாள் மழையில் நசநசத்துக் கிடந்த தரையில் எழுபது மாடுகளின் சாணமும் மூத்திரமும் கலந்து ஆவி பறந்தது.

பதினோரு மணிக்குத் துரைசாணியின் காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டுவதைக் கண்டு கூட்டம் கூடியது. "அடேங்கப்பா, என்னா மடி!" என்று செல்போனில் படம் எடுத்தார்கள். சுகுணாவுக்கு மனசு குளிர்ந்தது. கை வைத்தாள். மடி சுட்டது. தோல் மினுமினுவென்று, ஊதிக் கட்டிய மாதிரி இருந்தது. துரைசாணி பின்காலை அகட்டி அகட்டி நின்றது. கடைசியில் முடியாமல், அந்தச் சேற்றிலேயே பொத்தென்று படுத்தது.

கால்நடை மருத்துவர் பிரபாகர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எப்பக்கா கறந்தீங்க?"

"காலையில அஞ்சுக்குங்க சார்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். அவர் மடியை ஒருதரம், சுகுணாவை ஒருதரம் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ அவரை அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் தங்கம்மாள் வந்தாள். இந்த வருஷம் அவள் பிடித்து வந்திருந்தது வேறு மாடு. பழையதைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக ஊரில் பேச்சு. வந்தவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரல் வழக்கம்போல் எகிறவில்லை.

"சுகுணா, கறந்து வுட்டுடு."

"ஏங்க்கா? என் மாட்டு மடி உங்க கண்ணுக்கு ரொம்பப் பெருசாத் தெரியுதோ?"

"வெளையாட்டுக்குச் சொல்லல. என் மாட்ட நான் யாருக்கும் கொடுக்கல. வூட்டுலதான் நிக்குது. போன வருசம் இதே மாதிரி வெச்சிருந்துதான் பரிசு வாங்கினேன். ரெண்டு காம்பு கல்லாயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்."

சுகுணா அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷம் ஜெயித்த முகம். மூன்றாவது வருஷமும் ஜெயிக்க ஆசைப்படாத முகம் எங்காவது உண்டா? நான் கறந்தால் மடி இறங்கும். மடி இறங்கினால் யாருக்கு லாபம்? கதை நன்றாகத்தான் கட்டுகிறாள்.

"உங்க மாட்டப் போய்ப் பாருங்கக்கா. என் மாட்ட நான் பாத்துக்கறேன்."

தங்கம்மாள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். "அப்ப எனக்கும் ஒருத்தி சொன்னா. நானும் இதேதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சுகுணாவின் கை இரண்டுதரம் காம்புவரை போனது. இரண்டுதரமும் ஒலிபெருக்கி "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்றது. கை திரும்பி வந்தது.

விருந்தினர் வந்தபோது மணி இரண்டரை. துரைசாணியை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. நடுவர் பின்னால் நின்று பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதினார். முதல் பரிசு. துரைசாணியின் கழுத்தில் மாலை போட்டார்கள். எதிரில் தொங்கிய சாமந்தியைத் தின்னாத மாட்டைச் சுகுணா அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள்.

அங்கேயே கறக்கலாம் என்றால் படம் எடுக்க ஆளாளுக்கு இழுத்தார்கள். கொட்டாய்க்கு வந்து சேர்ந்து, மடியைக் கழுவி, குண்டானை வைத்து உட்கார்ந்தபோது நாலே கால். மூன்று காம்புகளில் பால் சீறி வந்தது. இடது பின்காம்பைப் பிடித்தாள். துரைசாணி உதைத்தது; பிறந்ததிலிருந்து உதைக்காத மாடு. மறுபடி பிடித்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு தண்ணீர்போல ஏதோ வந்தது. அதற்குப் பின்னால் திரிதிரியாக, இளஞ்சிவப்பாக.

மாதையன் எட்டிப் பார்த்தான். வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனான். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சுகுணா மருத்துவருக்குப் போன் போட்டாள். "சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்குக் கறக்கல. நேத்து சாயந்தரம் கறந்ததுதான்."

அந்தப் பக்கம் வண்டிச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. "வர்றேன். அதுவரைக்கும் அந்தக் காம்பை மட்டும் பீச்சிக்கிட்டே இருங்க" என்றார்.

மூன்று நாள் ஊசி. காம்புக்குள் மருந்து. இரண்டு மணிக்கொருதரம் பீச்சல். நாலாம் நாள் மடியின் அந்தக் கால்வாசி குளிர்ந்துபோய், அழுத்தினால் கருங்கல்லைத் தொடுகிற மாதிரி இருந்தது. "அந்தக் காம்பு அவ்வளவுதாங்க்கா" என்றார் மருத்துவர்.

மறைக்கத் தோன்றியது சுகுணாவுக்கு. மறைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் மறைக்கவில்லை. மறுநாள் காலை பால் சொசைட்டி வரிசையில் நின்று, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொன்னாள். கறக்காமல் விட்டது, பொய் சொன்னது, தங்கம்மாள் வந்து கெஞ்சியது, மூன்று காம்பு மாடானது. ஒன்று விடவில்லை. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "இனிமே யாராச்சும் அந்த வேலை செஞ்சீங்க, நானே வந்து ஒதைப்பேன்" என்றாள்.

வரிசையின் கடைசியில் நின்ற பிரியங்கா, போன மாதம்தான் தலைச்சன் ஈன்ற மாடு வைத்திருப்பவள், மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். கண்ணெல்லாம் கரிசனம்.

"பாவம்க்கா. அது சரி, ஒரு நாள் முழுசும் வெச்சதாலதான அப்படி ஆயிடுச்சு? பதினாறு மணி நேரம்னா ஒண்ணும் ஆவாது இல்லீங்க்கா?"

சுகுணா வாயைத் திறந்தாள். அதற்குள் பிரியங்கா பதிலுக்குக் காத்திராமல், நடுவர் மடி பார்க்கும் காலை ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்திருந்தாள், விரல்விட்டு.