மழை நாளில் ஒரு வெடி

என் கணவருக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி, அரசாங்க நம்பிக்கை ரொம்ப ஜாஸ்தி. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். எந்த ஊரில் மழை வெள்ளம் என்று டிவியில் காட்டினாலும், "இந்நேரம் ஜீப்பு கிளம்பியிருக்கும் பாரு" என்பார். என்னமோ அந்த ஜீப்பில் இவர்தான் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி முகத்தில் ஒரு பெருமை.

நான் பிறந்தது விருதுநகரில், வத்தலும் பருப்பும் கமிஷனுக்கு வாங்கி விற்கிற வீட்டில். வருஷச் சாமானை வாங்கி அடுக்கிவிட்டுத்தான் எங்கள் அம்மா மூச்சே விடுவாள். அடுத்தவன் வருவான் என்று வாசலைப் பார்த்து உட்காருகிற பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் நல்ல நாள், கெட்ட நாள் பார்க்காமல் இந்த ஒரு சண்டை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் ஓய்வு பெற்றதும் அவருடைய பூர்வீக நிலத்துக்கே குடிவந்தோம். சாத்தூர்ப் பக்கம், அச்சங்குளத்துக்குப் போகிற வழியில் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு தோட்டத்து வீடு. முன்னால் ஓர் ஓடை, அதன் மேல் தரைப்பாலம், அதைத் தாண்டினால் மெயின் ரோடு. பின்னால் மக்காச்சோளக் காடு, அதற்கும் அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு. பக்கவாட்டில் இரண்டு புஞ்சை தள்ளி ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலி. குடியிருப்பில் பாதிப் பேருக்கு அங்கே தனித்தனி ரூம்களில்தான் வேலை.

வந்த முதல் வாரமே ஒரு பை தயார் பண்ணினேன். காலண்டர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த கெட்டியான துணிப்பை. டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், மாத்திரை, கயிறு, ஆதார் ஜெராக்ஸ், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்தேன். ஊதுபத்திக் கட்டு ஒன்றும் போட்டேன். கொசுவுக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும்.

பையை ஆணியில் மாட்டியதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "என்னத்தா இது, பார்டர்ல சண்டையா? மழையே பெய்யாத ஊருல வெள்ளத்துக்கு மூட்ட கட்டுதவ நீ ஒருத்திதான்."

"சிரிங்க. வெள்ளம் வாறப்ப உங்க ஜீப்பு வந்து உங்களத் தூக்கிட்டுப் போகட்டும். நான் இந்தப் பையோட போறேன்."

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தீபாவளி அன்றைக்குத் தவிர வேறு எந்த நாளிலும் சத்தவெடி போடக் கூடாது. கல்யாணத்துக்குக் கிடையாது, கோயில் கொடை விழாவுக்குக் கிடையாது, சாவுக்கும் கிடையாது. நாடு முழுக்க வெடிக்கிற வெடியைச் செய்கிற ஊரில், சப்பரம் சத்தமில்லாமல் போகிறது. ஏன் என்று கேட்டதற்குப் பக்கத்துக் காட்டுக்காரர், "அந்தச் சத்தம் கேட்டா அடுப்புல வச்சது வச்சபடி கெடக்கும்மா" என்றார். சரி, பயந்து வீட்டுக்குள் ஓடுவார்கள்போல என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. வெயில் இல்லாவிட்டால் பட்டாசு காயாது, அதனால் கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள். முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள் எங்கேயோ மேற்கே கண்மாய் உடைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஓடையைக் காணோம், தரைப்பாலத்தையும் காணோம். செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீர், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கரன்ட் இல்லை, போனில் டவர் இல்லை. நான் ஆணியிலிருந்து பையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவரைப் பார்த்த பார்வையே போதும்.

மத்தியானம் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று செருப்பில்லாமல் போனார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினவர், "என்னமோ முள்ளு குத்திருச்சு" என்று காலைக் காட்டினார். முள் ஒரு ஓட்டை போடும். இதில் இரண்டு இருந்தன. நான் போய்ப் பார்த்தபோது சாக்குக்கு அடியிலிருந்து அது மெதுவாக, பெரிய மனுஷத் தோரணையில் வெளியே போய்க்கொண்டிருந்தது. முதுகு நெடுக வட்டம் வட்டமாகப் புள்ளி. கண்ணாடி விரியன்.

கை தானாக வேலை செய்தது. அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன், காலை அசைக்க விடாமல் பலகை வைத்துத் துணியால் கட்டினேன். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்பதும் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கி முழங்கால் நோக்கி ஏறியது. அந்தப் பையைக் குடைந்து குடைந்து பார்த்தேன். பிஸ்கட் இருந்தது, மாத்திரை இருந்தது, இந்த மனுஷனை அக்கரைக்குக் கொண்டுபோக அதில் ஒன்றுமே இல்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயே போய்விட்டது.

வாசலில் நின்று கத்தினேன். தட்டை அடித்தேன். மழைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. உள்ளே வந்தால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பதறாத. வெள்ளம்னு தகவல் போயிருக்கும். ஜீப்பு வந்துரும்" என்கிறார். அந்த ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் அந்தத் தகர டப்பா ஞாபகத்துக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வந்தால் ஆசையாகப் பார்ப்பார்கள் என்று தீபாவளியில் மிஞ்சின அணுகுண்டு வெடிகளைப் பரணில் ஒளித்து வைத்திருந்தார். நான் டப்பாவை இறக்கியதும் புரிந்துகொண்டு, கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம். ஊரு பயந்துரும்."

"பயப்படட்டும். நான் பயந்தாச்சு."

முதலில் வாசல் திண்டில் வைத்துக் கொளுத்தினேன், நமத்துப் போயிற்று. பிறகு மோட்டார் ரூமின் மேடைக்குப் போனேன். நாலு பக்கமும் கான்கிரீட். பையிலிருந்த தீப்பெட்டி காய்ந்து கிடந்தது, ஊதுபத்தியும் பற்றிக்கொண்டது. மூன்று வெடியின் திரியைச் சேர்த்து முறுக்கி, பற்றவைத்துவிட்டு வெளியே ஓடினேன். அம்மாடி! அந்த ரூமுக்குள்ளிருந்து கிளம்பிய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா அத்தனையும் மழையென்றும் பாராமல் கலைந்து பறந்தது. இன்னொரு தடவையும் வைத்தேன்.

அப்புறம் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லாரும் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று நினைத்து நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மக்காச்சோளக் காடு அசைந்தது. காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். கதிருக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது, பிறகு அதன் பின்னால் பத்துத் தலை, அதற்கும் பின்னால் எண்ண முடியவில்லை. இடுப்புத் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள், லுங்கியை மடித்துக் கட்டின ஆண்கள். ஒருவர் தோளில் கயிற்றுக்கட்டில். ஒருவர் கழுத்தில் வெள்ளை வேட்டிகளை மாலை மாலையாகச் சுற்றியிருந்தார். எல்லாருக்கும் முன்னால், என் வயதுக்காரி ஒருத்தி, தலையில் ஒரு கட்டு வாழையிலையோடு வந்தாள். தீக்காயப்பட்ட உடம்பைத் துணியில் கிடத்த முடியாது, வாழையிலையில்தான் கிடத்தி வேட்டியால் மூடுவார்கள். வருகிற வழியில் கொல்லை மரத்தை வெட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். சேறு கழுத்துவரை அப்பியிருந்தது.

சத்தம் கேட்டால் ஓடி ஒளிகிற ஜனம் என்று நினைத்திருந்தேனே! உலகத்தில் எங்கேயும் வெடிச் சத்தம் கேட்டால் மனுஷர்கள் எதிர்ப்பக்கம்தான் ஓடுவார்கள். இவர்கள் அத்தனை பேரும் சத்தத்தைப் பார்த்து ஓடி வருகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்த ரூமு? எத்தன பேரு?"

"ரூமு இல்ல... கம்பெனி இல்ல... நான்தான் வெடி போட்டேன். வீட்டுக்காரருக்குப் பாம்பு கடிச்சிருச்சு."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். வாய் கோணியது. "பாம்பா? பாம்புதானா?" என்றாள். அப்படியே பின்னால் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, "ஏலே, பாம்புதானாம்லே! வெடி இல்லியாம்! பாம்புதானாம்!" என்று கத்தினாள். அந்தச் சேதி கூட்டத்தில் ஆள்மாறி ஆள்மாறிப் பின்னால் போயிற்று. காட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சில பேர் தண்ணீருக்குள்ளேயே நின்று அழுதார்கள்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், இங்கே ஒரு படையே நின்று சிரித்தது. என் புருஷன் சாகக் கிடக்கிறான், இதுகளுக்குச் சிரிப்பு வருகிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிந்து கிடக்கிற பிள்ளையைப் பார்க்க நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவர்களுக்குப் பாம்பு ஒரு நல்ல செய்தி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சிரித்து முடிக்கும் முன்பே அவரைக் கயிற்றுக்கட்டிலில் போட்டுத் தூக்கிவிட்டார்கள். யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. உயரமான ஆட்கள் தாமாகவே முன்னால் போனார்கள். அவள் ஒரு வாழையிலையை உருவி அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே தண்ணீரில் நடந்தாள். கட்டில் தலைக்கு மேலே போயிற்று, நான் ஒருவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஓடைக் கரைக்கு வந்து சேர்ந்தோம். அக்கரை முழுக்க ஜனம். அதற்கு நடுவே சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி, பின்னால் ஆம்புலன்ஸ். அந்தப் பக்கம் யாருக்கோ டவர் கிடைத்து, வெடி விபத்து என்று போன் போட்டிருக்கிறார்கள். இந்தச் சீமையில் அந்த இரண்டு வார்த்தைக்குக் கிளம்பாத வண்டி கிடையாது. தீயணைப்புக்காரர்கள் கயிறு எறிந்தார்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் அதை வேப்பமரத்தில் கட்டினார்கள். அரசாங்கம் பாதி ஓடை வந்தது, ஊர் பாதி ஓடை போனது. நடுத்தண்ணீரில் கட்டில் கை மாறியது.

தீயணைப்பு அதிகாரியிடம், "பொய் வெடி போட்டுட்டேன் சார்" என்று கும்பிட்டேன். "விடுங்கம்மா. இன்னைக்காவது ஆளைப் பொழைக்கக் கொண்டு போறோமே" என்றார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மழைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம்.

சாத்தூரில் ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். கண் தெளிந்து அவர் பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? "பாத்தியா, கவர்மெண்டு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. நான் வெடி போட்டுக் கூப்பிட்டேன், வந்துச்சு" என்றேன். நர்ஸ் எங்களை இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போனாள்.

ஊர் திரும்பியதும் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வாழையிலைக்காரி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. சுவரில் ஒரு பெண் பிள்ளையின் போட்டோ, மாலை போட்டு, பொட்டு வைத்து. இருபது வயது இருக்கும். நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

சேவுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு மழை. கம்பெனி லீவு. உள்ள ஒரு ஈ காக்கா இல்லன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். பெறகு ஏன் இம்புட்டுத் தண்ணிக்குள்ள ஓடி வந்தீக?"

"எனக்குத் தெரியும் தாயி. காலுக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "இவளத் தூக்கிக் குடுத்தவுக எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு வந்தவுகதான். ரோட்டுல போயிட்டிருந்தவுக" என்றாள். சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கே நீட்டினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினேன். பிஸ்கட்டைக் குறைத்தேன். பழைய வெள்ளை வேட்டிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து உள்ளே வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மறுநாள் மோட்டார் ரூம் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு வாழைக்கன்று நட்டார்.

மாசி மாதம், ஒரு முற்பகல். கம்பெனியில் வேலை நடக்கிற நாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம்.

அதற்கப்புறம் நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது, நான் காட்டுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. காலில் செருப்பில்லை, தோளில் பை. பின்னால் அவர், இன்னும் சரியாக ஊன்ற முடியாத காலை இழுத்துக்கொண்டு, ஓர் அள்ளு வாழையிலையோடு ஓடி வருகிறார். அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது. கதவைச் சாத்தவில்லை என்பது மட்டும் தெரியும். "எந்த ரூமு, எத்தன பேரு" என்று யாரோ கத்திக்கொண்டே வருவது கேட்டது. அது என் குரல்தான்.

ரோட்டுக்கு வந்தபோது ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. வெடித்தது கம்பெனியில் இல்லை. லோடு ஏற்றி வந்த லாரியின் டயர் வெடித்திருந்தது. டிரைவர் சுற்றிலும் இத்தனை ஜனத்தைப் பார்த்து, என்ன தப்புப் பண்ணினோம் என்று மிரண்டு போய் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் மூச்சு வாங்க, அப்படியப்படியே தரையில் உட்கார்ந்தோம்.

வாழையிலைக்காரி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். என் தோள் பையைப் பார்த்தாள், முள் தைத்த என் வெறுங்காலைப் பார்த்தாள், நொண்டிக்கொண்டு வந்து சேர்கிற என் வீட்டுக்காரரையும் அவர் கையிலிருந்த இலையையும் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து, புளிய மர நிழலில் எனக்கு இடம் விட்டாள்.

"வந்துட்டீகளா தாயி" என்றாள்.