மஞ்சளுக்கு ஏதுங்க சான்று?

கண்ணுகளா, அப்பா எந்நேரமும் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று நீங்கள் இருவரும் குறை சொல்வீர்கள். நான் விளையாடவில்லை. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. பத்தாவதோடு நின்றுபோன நானும் அதில் ஒருவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நான் வேலை பார்க்கும் சிங்காநல்லூர் லேத் பட்டறையில் டீ இடைவேளை விட்டால் மற்றவர்கள் பஜ்ஜி தின்பார்கள். நான் எழுத்துப்பிழை திருத்துவேன்.

அங்கே நானாக எடுத்துக்கொண்ட வேலை, புதிதாக வருகிறவர்களை வரவேற்பது. எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதில் எழுத வேண்டும். “தங்கள் வரவு நல்வரவாகுக” என்று தொடங்கும் செய்தி ஒன்று தயாராக இருக்கும். யார் வந்தாலும் அதை ஒட்டிவிடுவேன். அதை நான் ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாசியில் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்யும் ஓர் அம்மா வந்து, மஞ்சள் பற்றிய கட்டுரையில் நான்கு வரி சேர்த்தார். தோண்டிய கிழங்கைக் கொப்பரையில் வேக வைப்பது, வெந்ததா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பது, களத்தில் காய வைப்பது என்று எழுதியிருந்தார். “குச்சி நோகாம எறங்குச்சுன்னா வெந்துபோச்சுங்க” என்று பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. கட்டுரை நடை அப்படி இருக்கக் கூடாது என்பதால் அதைப் புத்தகத் தமிழாக மாற்றினேன். எந்த நூலிலிருந்து எடுத்தது என்றும் காட்ட வேண்டும், அவர் காட்டவில்லை. வழக்கம்போல வரியின் கடைசியில் “சான்று தேவை” என்று குறி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

எட்டு நாள் அவரைக் காணோம். ஒன்பதாம் நாள் காலை, துடியலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பார்த்தேன். என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார்:

“ஏனுங்க, சான்று வேணும்னு போட்டிருந்தீங்க. இ-சேவை மையத்துக்குப் போனேனுங்க. சாதிச் சான்றா, வருமானச் சான்றா, இருப்பிடச் சான்றான்னு கேட்டாங்க. மஞ்ச வேக வெக்கறதுக்குங்கன்னு சொன்னேன். வரிசையில நின்னவங்கெல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. அப்புறம் வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் போனேனுங்க. மஞ்சளுக்கெல்லாம் ஃபாரம் கெடையாதுங்கம்மான்னுட்டாரு. எங்க ஊட்டுக்காரரு இன்னும் சிரிச்சு முடிக்கலீங்க. எனக்கு இது சரிப்படாதுங்க. எழுதுனதை அழிச்சுப்போடுங்க. நான் வாரேனுங்க.”

முதலில் நானும் சிரித்துவிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கடைசி வார்த்தையில் கண் நின்றது. நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வாரேன் என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா போய்விட்டார். சிரிப்பு அதற்குமேல் வரவில்லை.

சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் காட்டினேன்.

“இதுல அவங்க தப்பு என்னங்க? சான்றுன்னா நானும் தாலுக்கா ஆபீசுக்குத்தான் போயிருப்பேன்.”

“ஆதாரம்னு அர்த்தம், அம்மணி.”

“ஆதாரம்னு போட்டிருந்தா ஆதார் கார்டைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. ஏனுங்க, பட்டறைக்குப் புதுசா வர்ற ஆளுக்கும் இப்படித்தான் சீட்டு ஒட்டிப்போட்டுப் போயிருவீங்களா?”

பட்டறையில் அப்படிச் செய்தால் அந்த ஆளின் விரல் போய்விடும். பக்கத்தில் நின்றுதான் சொல்லித் தருவேன். இங்கே முகம் தெரியவில்லை என்பதால், எதிரில் ஆளே இல்லை என்று நினைத்துவிட்டேன் போல.

ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போனேன். மஞ்சள் சாகுபடி பற்றி ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. குச்சியால் குத்திப் பார்ப்பது அதில் இருந்தது. அந்த அம்மாவின் வரிக்குப் பக்க எண்ணோடு அதைச் சான்றாகக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் வேக வைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதையும் சேர்த்தேன். பிறகு, தயாரான செய்தி எதையும் ஒட்டாமல், அவருக்கு நானே எழுதினேன்:

“அம்மா, தப்பு என்னுதுங்க. சான்றுன்னா எந்தப் புஸ்தகத்துல இருக்குதுன்னு கேக்கறதுங்க. அதைச் சொல்லாம குறியை மட்டும் போட்டுட்டேன். உங்க வரியை அழிக்கலீங்க. புஸ்தகத்தைத் தேடிப் புடிச்சுப் போட்டிருக்கறேன். ஒருக்கா வந்து பாருங்க.”

நான்கு நாள் பதில் இல்லை. ஒவ்வொரு டீ இடைவேளையிலும் திறந்து பார்த்தேன். புத்தகம் பார்த்து எழுத எங்களிடம் ஆள் உண்டு. கொப்பரை ஆவியில் நின்றவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான் வந்திருந்தார். அவரையும் ஊர் சிரிக்கும்படி செய்து அனுப்பியிருந்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது.

“பாத்தேனுங்க. அதென்னங்க, முக்கா மணி நேரம்? ஆரு சொன்னது? கெழங்கு பெருவெட்டா இருந்தா அது பத்தாதுங்க. அந்தப் புஸ்தகம் எழுதுனவரு கொப்பரைப் பக்கமே வந்திருக்க மாட்டாருங்க. இதை எங்க போயிச் சொல்றதுங்க?”

கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, அங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன் என்று பதில் போட்டேன். கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதற்குள், அவர் பதினோரு வரி எழுதியிருந்தார்.