உல்கான் கண்ணாடி மாட்டிய வோல்கா

காரகோல் ஊரில் பழைய வோல்கா கார் வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கண்ணாடி ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால் உல்கானைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். அவள் மெக்கானிக் இல்லை. பூட்ஸ் தைக்கிறவள். ஊரில் பூட்ஸ் தொழிற்சாலை இருந்தவரை அங்கே தைத்தாள். அதை மூடிய பிறகு வீட்டிலேயே கம்பளி பூட்ஸுக்குத் தோலில் அடி வைத்துத் தைத்துச் சந்தையில் விற்றாள்.

அவள் கணவன் காசிம்பெக்கிடம் பச்சை நிற வோல்கா ஒன்று இருந்தது. அவனுடைய அப்பா காலத்து வண்டி. முன்மூக்கில் உலோக மான் ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். அந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால் பெண்ணை ஏற்றிவர அந்த வண்டியைத்தான் தேடி வருவார்கள். காசிம்பெக் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்து, "என்னையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப் பாக்கலாம்ல?" என்று உல்கான் கேலி செய்வாள்.

ஓர் இலையுதிர் காலத்தில் காசிம்பெக்குக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. நடையும் ஓரளவு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. வோல்காவின் கியர்த்தண்டு வலது கைப் பக்கம் இருப்பது. அன்றிலிருந்து அவன் வண்டியின் பெயரைக்கூட எடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். வண்டியை அவனுடைய தம்பி துராத் ஓட்டினான்.

வசந்தத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு துராத் ஏரிக்கரைச் சாலையில் வரும்போது மழை கொட்டியது. முன்கண்ணாடியின் மேல்மூலையில் கசிந்த தண்ணீர் உள்கூரையெல்லாம் பரவிப் பின்சீட்டில் இருந்த பெண்ணின் மடியிலேயே வடிந்தது. வாசலில் இறங்கிய மருமகளைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா துராத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணைக் கூட்டிட்டு வாடான்னா, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கியே!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகு வோல்காவை யாரும் கேட்கவில்லை. துராத் ஏதோ ஒரு பசையை வாங்கிவந்து கண்ணாடி ஓரமெல்லாம் பூசினான். அடுத்த மழையில் தண்ணீர் வேறு மூலையில் இறங்கியது.

"வித்துடலாம் அண்ணி. பிஷ்கெக்ல ஒருத்தன் கேட்டுட்டிருக்கான்."

"உங்கண்ணன் உள்ளேதான் படுத்திருக்காரு. போய்ச் சொல்லிட்டு வா."

துராத் போகவில்லை. உல்கான் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. நகத்தால் கீறியதும் பொடியாக உதிர்ந்தது. பசை பூசி இதற்கு உயிர் வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிஷ்கெக்கிலிருந்து புது ரப்பர் ஒரு சுருள் வரவழைத்தாள். பூட்ஸ் கத்தியால் பழைய ரப்பரை அறுத்து எடுத்தாள். கண்ணாடியைத் துராத்தும் அவளுமாகத் தூக்கிக் கம்பளிமேல் படுக்க வைத்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தகர விளிம்பு துருப்பிடித்து உப்பியிருந்தது. அதைச் சுரண்டி, வண்ணம் பூசி, காயும்வரை துராத்தை வண்டிப்பக்கம் அண்டவிடவில்லை.

காய்ந்த பிறகு அவன் பொறுக்கவில்லை. குளிரான ஒரு காலையில் அவனே ரப்பரை வெட்டினான். "இழுத்து ஒட்டினாத்தான் அண்ணி கச்சிதமா உக்காரும்" என்று விறைக்க இழுத்து, முனையோடு முனையை ஒட்டினான். உல்கானுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வண்டி விஷயம், ஆம்பிளைக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். சோப்புத் தண்ணீர் தடவி மாட்டும்போது மூலைகளில் ரப்பர் எழும்பி நின்றது. உட்காரவே மாட்டேன் என்றது. துராத் முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினான். கண்ணாடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரிசல் விட்டது.

அந்தச் சத்தத்துக்கு வீட்டுக் கதவு திறந்தது. காசிம்பெக் உள்சட்டையோடு வாசலில் நின்றான். மாதக்கணக்கில் முற்றத்தில் கால் வைக்காத மனிதன்.

"எவன்டா அது?"

"அண்ணே, அது... குளிருக்குத் தானா விரிசல் விட்டு..."

"குளிரா? குளிருக்குக் கை முளைச்சிருக்கா? உன் முஷ்டியெல்லாம் சோப்பு நுரையா இருக்கு!"

திட்டத் தொடங்கியவன் மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை. உல்கான் தடுக்கவே இல்லை. இவ்வளவு குரல் அவனுக்குள் இன்னும் இருக்கிறதே என்று அவளுக்கு ஆனந்தம். அவன் ஓய்ந்ததும் சொன்னாள்:

"முடிச்சாச்சா? அடுத்த கண்ணாடி வந்ததும் நீங்கதான் வண்டிக்குள்ளே உக்காந்து, ரப்பரை உள்பக்கம் மடிக்கிற கயிறை இழுக்கணும். இவனை நம்பி ஆகாது."

"எந்தக் கையால இழுக்கறதாம்?"

"ரெண்டு இருக்குல்ல? ஒண்ணுதானே லீவுல இருக்கு."

காசிம்பெக் உள்ளே திரும்பிப் போகவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். மானின் கொம்பில் படிந்த தூசியை இடது கையால் துடைத்தான்.

துராத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், எங்கோ ஓடாமல் கிடந்த ஒரு வோல்காவின் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தான். இந்தத் தடவை உல்கான் யாரையும் கேட்கவில்லை. நல்ல வெயிலுக்காகக் காத்திருந்தாள். மிச்சமிருந்த ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, கண்ணாடியைச் சுற்றி வைத்துப் பார்த்து, தேவைக்கு மேல் ஒரு விரல்கடை அதிகமாகவே வெட்டினாள்.

"நீளமா இருக்கே அண்ணி?"

"பூட்ஸு மூலையில தோலை இழுத்துத் தைச்சா, நனைஞ்சு காஞ்சதும் சுருங்கி விரலைக் கடிக்கும். இதுவும் சுருங்கற சாமான்தான். நெருக்கி உள்ளே தள்ளணும், இழுக்கக் கூடாது."

ஒட்டிய வளையத்தைக் கண்ணாடிக்கு மாட்டினாள். ரப்பரின் வெளிப்பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரண்டு முனையையும் வண்டிக்குள் தொங்கவிட்டாள். ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினாள். காசிம்பெக் தன் பழைய இடத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வெளியிலிருந்து அவளும் துராத்தும் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே அவன் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் மடிந்து உட்கார்ந்துகொண்டே வந்தது.

ஆவலில் அவன் வெடுக்கென்று இழுத்துவிட்டான். உல்கான் கண்ணாடியைத் தட்டினாள்.

"மெல்ல! என்ன, முரட்டு ஆட்டையா இழுக்கறீங்க?"

"நீ சரியா அமுக்கு. நான் சரியாத்தான் இழுக்கறேன்!"

மேல்மூலையில் கயிறு சிக்கியது. அவன் எழுந்து, பலமில்லாத தோளைக் கதவுத்தூணில் முட்டுக்கொடுத்து, இடது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டான். நெற்றியில் வியர்வை ஓடியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் முகம், அந்தப் பக்கம் அவன் முகம். இருவரும் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் 'பொத்'தென்று இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு கயிறு சுலபமாக வந்துவிட்டது.

துராத் குழாயைத் திறந்து கண்ணாடிமேல் தண்ணீரைப் பாய்ச்சினான். காசிம்பெக் உள்ளேயே உட்கார்ந்து, ஓரம் முழுக்க உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தான். பிறகு அந்தக் கையை விரித்து வெளியே நின்றவளுக்குக் காட்டினான். காய்ந்த கை.

"ஒரு சொட்டு இல்ல, உல்கான்!"

கண்ணாடியைத் தாண்டிக் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவன் சிரிப்பதை மட்டும் அவள் பார்த்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

சேதி பரவியது. தியூப் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாஸ்க்விச் கார் வந்தது. பிறகு இரண்டு வோல்கா. இப்போது அவள் வெளியூருக்கும் போகிறாள். துராத் வண்டி ஓட்டுவான். காசிம்பெக் கயிற்றோடு வருவான். வேறு ஆளை உள்ளே உட்கார வைக்க அவள் ஒப்புவதில்லை. அவனுடைய வலது கை இன்னும் கிண்ணம் பிடிக்கும் அளவுக்குத்தான் வந்திருக்கிறது. இடது கைக்கோ ரப்பர் எங்கே முரண்டு பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிகிறது.

போன கோடையில் அக்சூவில் தேனீ வளர்க்கும் ஒருவர் தன் வோல்காவின் பின்கண்ணாடிக்காக அழைத்திருந்தார். வளைந்த கண்ணாடி, இரண்டு பேர் முயன்று கைவிட்டது. வெயில் ஏறட்டும் என்று உல்கான் ரப்பரைக் கல்மேல் பரப்பிவிட்டு, ரொட்டியில் தேன் தொட்டுச் சாப்பிட்டாள். தேன்காரர் காசிம்பெக்கின் காதில் சொன்னார்:

"நல்ல ஆளா வேலைக்கு வச்சிருக்கீங்க, அண்ணே."

"நான் எங்கே வச்சேன்? அவதான் என்னை வச்சிருக்கா. திட்டு ஜாஸ்தி. ஆனா சோறு நல்லாப் போடுவா."

உல்கான் ரப்பரைத் தொட்டுப் பார்த்தாள். இளகியிருந்தது.

"பேச்சு போதும், ஏறுங்க உள்ளே" என்று சொல்லி, கயிற்றின் முனையை அவன் இடது கையில் கொடுத்தாள்.