அம்மாவின் வலது கால்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா ஒரு புதுக் கார் வாங்கினாள். அதுவரை எங்கள் குடும்பத்துக்கு வந்த வாகனங்கள் எல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு எங்களிடம் தள்ளிவிட்டவை. அப்பாவின் பழைய காரில் மழை பெய்தால் கால்மாட்டில் தண்ணீர் கட்டும். அதனால் இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல், கரும்பச்சை நிறத்தில், கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிகூட வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஃபாதர் அதை மந்திரித்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் புனித நீர் தெளிக்க வேண்டும் என்று அவள் ஃபாதரிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்த பூசைக்கு நேரமாகிவிட்டதால் அவர் மூன்றாவது சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த நாலாவது சக்கரம்தான் காரணம் என்று அத்தை கடைசிவரை நம்பினாள்.

அம்மா கேரி தீவுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். நானும் அங்கேதான் படித்தேன். பள்ளிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். கார் நகர நகர, ஒவ்வொரு வரிசையும் நீண்ட இருட்டுப் பாதையாகத் திறந்து மூடும். எந்த வரிசையின் கடைசியிலும் வெளிச்சம் தெரியாது. பின் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவது எனக்குப் பழக்கம்.

கார் வந்த இரண்டாவது வாரம். பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில் தாண்டிய நேரம், சாலையில் வேறு வண்டியே இல்லை. எஞ்சின் சத்தம் மெல்ல உயர்ந்தது. செம்பனை வரிசைகள் வேகமாகத் திறந்து வேகமாக மூடத் தொடங்கின. அம்மா அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"ஏய்... ஏய்... நில்லு."

அறிமுகம் இல்லாத நாயிடம் பேசுவதைப் போல, மெதுவாக, கெஞ்சலாகச் சொன்னாள். அவள் தோள்கள் இருக்கையோடு அழுந்தியிருந்தன. எதையோ முழுப்பலத்தோடு மிதிக்கிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. கார் நிற்கவில்லை. கருகிய நாற்றம் அடித்தது. அம்மா கியரைத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் ஓலமிட்டது. கார் சாலையோரப் புல்லில் இறங்கி உருண்டு நின்றது. சாவியைத் திருப்பி அணைத்ததும் வந்த அமைதியில் பூச்சிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, அதை மோட்டார் சைக்கிளில் சாய்த்துக்கொண்டு வந்த தோட்டத்து ஆள் ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏன் டீச்சர் இங்க நிக்கிறீங்க?"

"காடி தானா ஓடுதுண்ணே. பிரேக்கு மிதிச்சும் நிக்கல."

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். பிறகு பனை வரிசைக்குள் பார்த்தார்.

"போன மாசம் இதே எடத்துல ஒரு லோரி காவாய்க்குள்ள எறங்கிருச்சி. டிரைவரும் இப்படித்தான் சொன்னான். ரொம்ப நேரம் நிக்காதீங்க டீச்சர். கூடப் பிள்ளை வேற இருக்கு."

அவர் போய்ச் சற்று நேரம் கழித்து அம்மா மறுபடியும் சாவியைத் திருப்பினாள். கார் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் வீடுவரை ஓடியது.

அப்பா துறைமுகத்தில் பெரிய பெரிய கிரேன்களை இயக்குபவர். இயந்திரம் தானாக எதையும் செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சாலாக் செலாத்தானில் இருந்த சித்தப்பா வீடுவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். "பட்டு மாதிரி ஓடுது" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் ஓடியது. அப்பா கையில் அது ஒருநாளும் முறைத்ததில்லை. அம்மா ஓட்டும்போது மட்டும், அதுவும் பள்ளி விட்டு வரும்போது மட்டும், வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அந்த ஓலம் வந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று காருக்குத் தெரியும் என்றாள் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

இதற்கிடையில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்வதில்லை. ஆனால் கார் கிளம்பியதும் அந்த இருக்கைக்கான பெல்ட் விளக்கு சிவப்பாக மின்னி 'டிங் டிங்' என்று மணி அடிக்கும். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கும் மணி அது. அம்மா எரிச்சலோடு கையை நீட்டி, யாரும் இல்லாத இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டுவாள். மணி நின்றுவிடும். திருத்துவதற்காக அம்மா கட்டிக்கொண்டு வந்த நாற்பது நோட்டுப் புத்தகங்கள் அந்த இருக்கையில் கனத்துக் கிடந்ததை நானும் தினமும் பார்த்தேன். பார்த்தும், மணி அவற்றுக்காக அடிக்கிறது என்று தோன்றவே இல்லை. பெல்ட் மாட்டிக்கொண்டு யாரோ எங்களோடு வீட்டுக்கு வருகிறார்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை கண்ணாடியில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டாள். எஞ்சின் உறுமும்போதெல்லாம் அது நடுங்கியது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை கொண்டு போனார்கள். முதல் முறை, கால்மிதி நழுவிப் பெடலில் மாட்டியிருக்கும் என்று சொல்லி அதை எடுத்துப் பின்னால் போட்டார்கள். இரண்டாம் முறை மூன்று நாள் வைத்திருந்து, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பள்ளி வாசலில் அது நடந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தி, அவர்கள் கடப்பதற்காகக் காத்திருந்தாள். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலை இழுத்துக்கொண்டு கடைசியாகக் கடந்தான். அவன் அந்தப் பக்கம் காலை வைத்த மறுகணம் கார் பாய்ந்தது. வாசலோரம் வரிசையாக வைத்திருந்த பூத்தொட்டிகளை உடைத்து, பள்ளிப் பெயர்ப்பலகையின் காலில் மோதி நின்றது. போத்தல் மட்டும் சக்கரத்தின் கீழே நசுங்கிக் கிடந்தது. பையன் அழவில்லை. போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அப்பா விடுப்பு எடுத்து, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த பொறுப்பாளர் ஒரு தமிழர். அம்மா சொல்லச் சொல்ல, அவர் அப்பாவைப் பார்த்தே தலையாட்டினார்.

"பாஸ், எல்லாம் செக் பண்ணியாச்சி. கம்ப்யூட்டர்ல ஒன்னுமே வரல லா." பிறகு அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "டீச்சர், கோவிச்சிக்காதீங்க. லேடிஸ் சில நேரம் பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சி எண்ணெ பெடல மிதிச்சிருவாங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்றாள் அம்மா.

அவர் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, நீதான பின்னால இருந்த? அம்மா எத மிதிச்சாங்க?"

பின்னாலிருந்து அம்மாவின் கால் தெரியாது. ஆனால் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அம்மா மிதிக்கல. பக்கத்து சீட்டுல இருந்தவங்க மிதிச்சாங்க."

"யாரும்மா அது?"

"கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. பெல்ட்டு மட்டும் போட்டுக்குவாங்க."

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் படிவத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதனால் நல்ல சாட்சி சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது அப்பாதான் ஓட்டினார். கார் பட்டு மாதிரி ஓடியது.

"கொஞ்ச நாளைக்கு நீ ஓட்ட வேணாம்" என்றார்.

"எனக்குப் புத்தி கெட்டுப்போச்சின்னு நெனக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலயே."

"ஆமா, சொல்லல."

அதன் பிறகு அம்மா இன்னொரு ஆசிரியையின் காரில் பள்ளிக்குப் போனாள். நான் பள்ளி வேனில் போனேன். வீட்டில் அம்மா பேசுவது குறைந்தது. ஒருநாள் மாலை அவள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கால் மட்டும் அசைந்தது. இடது ஓரத்தில் ஒரு மிதி, வலது ஓரத்தில் ஒரு மிதி, மறுபடியும் இடது ஓரம். தரையில் ஒன்றுமே இல்லை. குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ என்பதைப் போல. சமையல் செய்யும்போதும் சட்டென்று நின்று காலைப் பார்ப்பாள். பக்கத்து இருக்கையில் இருந்தது இறங்கி வந்து அம்மாவின் காலுக்குள் புகுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். இரவில் அவளோடு படுப்பதை விட்டுவிட்டு அத்தையோடு படுத்துக்கொண்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை, அம்மா காரைத் தானே போர்ச்சிலிருந்து வெளியே எடுத்தாள். எதிரே இருந்த திடலின் ஓரத்தில், மர நிழலே இல்லாத இடத்தில் நிறுத்தினாள். பத்து மணிக்குப் போய் எஞ்சினை முடுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் ஏதோ குறித்தாள். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மேலாகியும் அம்மா சாப்பிட வரவில்லை. என்னைப் போய்க் கூப்பிடச் சொன்னாள் அத்தை.

திடலில் ஆள் நடமாட்டமே இல்லை. தூரத்தில் வரும்போதே அந்த ஓலம் கேட்டது. உயர்ந்தது, தணிந்தது, மறுபடியும் உயர்ந்தது. காரின் முன்பக்கம் அதிர்ந்தது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே அம்மா இருந்தாள். அவள் இரண்டு கால்களும் கீழே இல்லை. இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கைப்பேசியை வைத்துக் கால்மாட்டையும் மடித்த கால்களையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி வியர்வையில் முகத்தோடு ஒட்டியிருந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்தது. வாய் திறந்திருந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அருகே போனேன். அவள் உதடுகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லின.

"நான் இல்ல. நான் இல்ல. நான் இல்ல."

நான் வீட்டை நோக்கி ஓடினேன். "அத்தே, அது அம்மா இல்லயாம்! அதுவே சொல்லுது!" என்று கத்தினேன். அத்தை புனித நீர்ப் போத்தலோடு வெயிலில் வெறுங்காலில் ஓடிவந்தாள். கதவைத் திறந்து இறங்கிய அம்மாவின் முகத்தில் மொத்தத்தையும் கொட்டினாள். அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை. அத்தையை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாலையில் அப்பா அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். பிறகு போய்க் காரில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். வெயிலில் மணிக்கணக்காகக் காய்ந்தால்தான் அதற்கு அந்தக் கோளாறு வரும் என்று அம்மாவின் நோட்டில் இருந்தது. பள்ளியில் நிழல் இல்லை. அப்பா ஓட்டியதெல்லாம் காலையிலும் மாலையிலும். சர்வீஸ் சென்டரில் கூரைக்கு அடியிலேயே சோதித்தார்கள். பெடலோடு சேர்ந்த ஒரு சிறு பாகம் சூடேறியதும் தவறான கட்டளையை எஞ்சினுக்கு அனுப்பியதாகப் பின்னால் சொன்னார்கள். கம்பெனி காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் கவுண்டரில் யார் எது கேட்டாலும் அப்பா, "அவங்ககிட்ட பேசுங்க" என்று அம்மாவைக் காட்டிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்.

எனக்கோ அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. பல நாள் அம்மா சிரித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்கு நான் பயந்து கிடந்த அதே வாரங்களில், அந்தப் பையனை ஏற்றிக் கொன்றிருக்கக்கூடியது தன் கால்தானோ என்று அம்மா எங்கள் நடுவிலேயே தனியாகப் பயந்துகொண்டிருந்தாள். அந்த நடுப்பகலில், கொதிக்கும் காருக்குள், அவளுக்குத் தன் கால் திரும்பக் கிடைத்திருந்தது. அவள் வாழ்நாளிலேயே மிகவும் நிம்மதியாக இருந்த நேரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அவளை நம்பாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.