இருபத்திரண்டு வரிகளும் ஒரு பக்கம் சாய்ந்த பாதையும்

எங்கள் வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் ஏற்றி இறக்கும் தட்டைப் படகுக்குப் பாதை என்று பெயர். கீழே மிதவைகள், மேலே பலகைத் தளம், பின்னால் ஓர் இயந்திரம், அந்த இயந்திரத்தைவிட உரத்த குரலுள்ள ஓர் ஓட்டி. என் மனைவி அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். காலையில் பாதையில் போய்ப் பின்னேரம் பாதையில் வருவாள். பாதை நின்றால் பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவள் விடியமுன் வெளிக்கிட்டால் காலைச் சாப்பாடு என் தலையில். ஆகவே பாதையின் உயிர் எங்கள் வீட்டு விவகாரம்.

அந்த உயிருக்கு வில்லங்கம் ஓர் அன்னத்தால் வந்தது. விடுமுறைக்கு வருகிறவர்கள் காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு அது. ஒரு நாள் துறையடியில் பாதைக்கு எதிரே வந்தது. பாதை வலப்பக்கம் விலக, அன்னமும் அதே பக்கம் விலக, பாதை திரும்ப, அன்னமும் திரும்ப, ஒழுங்கைக்குள் எதிர்ப்பட்ட இரண்டு மரியாதைக்காரர்களைப்போல இருவரும் வழிவிட்டு வழிவிட்டு மோதிக்கொண்டார்கள். காயம் யாருக்கும் இல்லை. அன்னத்தின் சொண்டு மட்டும் உடைந்தது.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாதையில் பாதுகாப்பு அறிவித்தல் பலகை வேண்டும், வெள்ளிக்கிழமை சோதனை, தேறாவிட்டால் பாதை ஓடக்கூடாது.

ஓட்டி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சேர், நீங்க எழுதுற ஆள்தானே. நம்மட பலகைக்கு ரெண்டு சொல்லு எழுதித் தாங்க."

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "அண்ணன், நாலு வரிதான் எண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டுப் போங்க."

நாலு வரிதான் நினைத்தேன். ஆனால் 'ஓரத்தில் நிற்காதீர்' என்று எழுதியவுடன், மனிதன் ஏன் எப்போதும் ஓரத்தையே தேடிப் போகிறான் என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்கு மூன்று வரி போயிற்று. தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டு, தண்ணீருக்குள் கிடக்கும் நிலவை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. உயிர்காப்பு அங்கியைப் பற்றிய பேச்சே பதினான்காவது வரியில்தான் தொடங்கியது. மொத்தம் இருபத்திரண்டு. எழுத்துக் கீறுகிறவர் தகரத்தில் இடம் போதாமல் எழுத்துகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, கடைசி வரியை எறும்பு ஊர்வதுபோல முடித்திருந்தார். தகரத்தை இடப்பக்கக் கம்பியில் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி கோப்போடு ஏறினார். மனைவி பள்ளிக்கூடத்துக்காக ஏறினாள். நான் பெருமைக்காக ஏறினேன்.

எங்கள் ஆட்களின் பழக்கம், கரை தெரிய முதலே முன்பக்கம் நெருக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்கத் தொடங்குவது. அன்று முன்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அத்தனை பேரும் இடப்பக்கத்தில், என் பலகையடியில். என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்னை வாசித்ததில்லை.

"எனக்குக் கண்ணாடி இல்ல மகன், உரத்துப் படிங்க" என்றாள் மீன் விற்கிற அம்மா.

"அங்கி போடச் சொல்லி எங்ககா இருக்கு?" என்றார் வயல் வட்டைக்குப் போகிற விவசாயி.

"பொறுங்க, எழுதின மனிசன் இன்னும் நிலவுலதான் நிக்கிறார்" என்றான் உரத்துப் படித்துக்கொண்டிருந்தவன்.

அப்போதுதான் என் செருப்பு நனைந்தது. பாதை சாய்ந்து, இடப்பக்கத் தள விளிம்புக்கு மேலால் வாவி எட்டிப் பார்த்தது. அதுவும் வாசிக்க வந்ததுபோல. மீன் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்து அதிகாரியின் காலடியில் நின்றது. அவர் குனியவில்லை, விரலை ஒன்பதாம் வரியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே அன்னம். சொண்டில் புதுப் பூச்சு.

ஓட்டி சுக்கானை முறித்துத் திருப்பிப் பார்த்தார். சாய்ந்த பாதை கேட்கவில்லை.

"டேய் அன்னம்! அங்கால கிறுகு!"

"எந்தப் பக்கம் அண்ணன்?"

"ஏதாவது ஒரு பக்கம் கிறுகித் துலை!" என்றவர் எங்களைப் பார்த்து, "எல்லாரும் வலப்பக்கம் ஓடுங்க!" என்று கத்தினார்.

ஓடியிருந்தால் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்திருப்போம். அதற்குள் என் மனைவியின் குரல் எழுந்தது. அது வீட்டுக் குரல் அல்ல, வகுப்புக் குரல்.

"ஆரும் ஓடக்கூடாது! கையில பை இருக்கிற ஆக்கள் மட்டும், மெதுவா, வலப்பக்கம். மத்த ஆக்கள் நடுவுக்கு. படிச்சது காணும், நிப்பாட்டுங்க. கோப்போட நிக்கிற சேர், உங்களுக்கும்தான்."

அதிகாரி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுவுக்குப் போனார். நானும் போனேன். பாதை நிமிர்ந்தது, சுக்கான் கேட்டது, அன்னம் ஒரு சாண் இடைவெளியில் எங்களைக் கடந்தது. அதிலிருந்த இருவரும் மிதிக்க மறந்து கால்களைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

கரையில் அதிகாரி காற்சட்டையைப் பிழிந்தார்.

"இதை எழுதினது ஆர்?"

முழுப் பாதையும் என்னைப் பார்த்தது. ஓட்டி மட்டும் என்மேல் இரக்கப்பட்டு வாவியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா இது இதில இருந்தா பாதை ஓடேலாது."

மனைவி பையிலிருந்து சோக்கை எடுத்தாள். தளத்தின் நடுவில், குனிந்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: அங்கி போடுங்கள். நடுவில் நில்லுங்கள். கரை தொடும்வரை பொறுங்கள்.

"இது காணும்" என்றார் அதிகாரி. அங்கேயே கையெழுத்து வைத்தார். அவள் என்னைத் திரும்பிப் பாராமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சோக்கு எழுத்து இப்போது மஞ்சள் பெயின்ற் ஆகிவிட்டது. என் தகரம் துறையிலுள்ள காத்திருப்புக் கொட்டிலில் தொங்குகிறது. போன கிழமை இரண்டு பேர் அதை வாசித்து நின்று பாதையைத் தவறவிட்டார்கள். இரண்டு ஆள் பாரம் குறைந்ததும் பாதுகாப்புத்தானே என்று வீட்டில் சொன்னேன்.

"அவங்க வெயிலுக்கு ஒதுங்கின ஆக்கள்" என்றாள் மனைவி.

இருக்கலாம். ஆனால் ஒருவர் பதினான்காவது வரிவரை வந்தார். நான் பின்னால்தான் நின்றேன்.